பதினேழாம் வரி

இடது கை சட்டைக்குள் போக மறுத்தது.

தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கையை மடக்கி, விரல்களைக் குவித்து நுழைத்துப் பார்த்தாள். நடுவழியில் துணி மாட்டிக்கொண்டது. செத்துப்போன உடம்புக்குச் சட்டை போட்டுவிடுவது எத்தனை பாடு என்று போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். “உயிரோட இருக்கும்போதும் இதே வீம்புதான்,” என்று முணுமுணுத்தபடி கத்தரிக்கோலை எடுத்துச் சட்டையின் முதுகை மேலிருந்து கீழாக வெட்டினாள். இப்போது சுலபமாகப் போயிற்று. முன்னால் பார்த்தால் முழுச்சட்டை. பின்னால் ஒன்றுமில்லை. இந்த மனிதருக்குப் பொருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

வாசல் மணி அடித்தது.

காலை ஆறே காலுக்கு மூச்சு நின்றது. ஏழரைக்கு டாக்டர் வந்து சான்று எழுதிக் கொடுத்தார். இன்னும் ஒன்பதுகூட ஆகவில்லை. கதவைத் திறந்தால் வெள்ளை அங்கி மாட்டிய இரண்டு பேர், காலில் காகித உறை, ஆளுக்கொரு பெட்டி. ஒல்லியான ஒரு பெண். கனத்த உடம்பும் தடித்த கண்ணாடியுமாக ஓர் ஆண். இருவருக்கும் நாற்பது தாண்டியிருக்கும்.

“நிலையத்துலேர்ந்து வரோம்மா. அளவு எடுக்கணும்,” என்றாள் அந்தப் பெண்.

“தையல்காரங்களா?”

“கதிர் அளவும்மா. உள்ள வேலை பார்த்தவங்க தவறிட்டா, பெட்டியில வைக்கறதுக்கு முன்னாடி உடம்பை அளந்து பார்க்கணும். விதி.”

“மாத்திரை தீர்ந்துபோச்சுன்னு போன மாசம் நாலு தடவை போன் பண்ணினேன். நாலு தடவையும் பாட்டு போட்டுக் காக்க வெச்சீங்க. செத்தவுடனே என்ன ஒரு சுறுசுறுப்பு!”

கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண், அளவுக்காரி, மெதுவாக, “எங்களுக்கு மாத்திரை சாவி கிடையாதும்மா. அளவுதான்,” என்றாள். அதில் பொய் இல்லை என்று தெரிந்ததால் அவள் வழிவிட்டாள். கோபம் மட்டும் வழிவிடவில்லை.

நிலையம் என்றால் அந்த ஊரில் ஒன்றுதான். ஊரை விட்டுத் தள்ளி, மூன்று சுற்று வேலிக்குள் இருந்தது. அணுகுண்டின் வயிற்றில் வைக்கிற உலோகத்தைக் கரைத்து, சுத்தம் செய்து, திரும்பக் கட்டியாக்குகிற இடம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அங்கே வேலை பார்க்கிறவர்கள் வீட்டில்கூடப் பேசமாட்டோம் என்று சத்தியம் செய்துகொடுத்தவர்கள்.

அவளுடைய கணவருக்கு அங்கே வாசிக்கிற வேலை. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். செய்முறைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக உரக்க வாசிப்பார். கண்ணாடிக் கூண்டுக்குள் தடித்த கையுறை வழியாகக் கையை நுழைத்து, இன்னொருவர் அதைச் செய்வார். அந்த இன்னொருவன் அவளுடைய தம்பி. இவருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். தம்பிக்குத் தங்கக்கை, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றுவானாம். “அக்கா, எங்க ரேடியோவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன், ஒரு காப்பி குடு. கல்யாணம் பண்ணிக்கறதாயிருந்தாலும் சரி,” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன்தான் அழைத்து வந்தான். வந்த மனிதர் காப்பி தம்ளரைச் சரியாக மேசை நடுவில் வைத்தார். அதைப் பார்த்து அவள் சிரித்தாள். அப்படி ஆரம்பித்தது.

வீட்டுக்கும் அந்த வேலை வந்தது. தண்ணீரை அகலப் பாத்திரத்தில் வைக்கமாட்டார். ஒல்லிப் புட்டிகள்தான், அதுவும் ஒன்றுக்கொன்று ஒரு முழ இடைவெளி. “இது சமையலறையா, உங்க லேபா? தண்ணி வெடிக்குமா?” என்பாள். “பழக்கம்,” என்பார். அந்தப் பழக்கத்துக்கு அர்த்தம் பிறகுதான் தெரிந்தது, அதுவும் பத்திரிகையில் படித்து. அந்தக் கரைசல் ஒல்லிக் குழாயில் இருக்கும்வரை சாது. அதையே ஓர் அகலப் பாத்திரத்தில் கொட்டினால், கூட்டம் கூடின மாதிரி தனக்குத்தானே வெறியேறி, கண் இமைக்கும் நேரத்தில் கொல்லும் கதிரை வீசும். நெருப்பு வேண்டாம், திரி வேண்டாம். பாத்திரத்தின் வடிவம் போதும்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்பு, நாட்டின் புதுக் குண்டைச் சோதித்துக் காட்டப்போவதாக மேலே தேதி அறிவித்துவிட்ட ஒரு மாதத்தில், தங்கக்கை ஓர் அகலப் பாத்திரத்தில் ஊற்றினான். நீலமாக ஒரு வெளிச்சம் வந்ததாம். இருபத்தாறாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்தான். ஆறடி தள்ளி நின்று வாசித்த ரேடியோ பிழைத்தது.

விசாரணை முடிந்து அறிக்கை வந்தது. “செய்முறையை வாசித்தவர் கவனக்குறைவால் பதினேழாம் வரியை விட்டுவிட்டார். அகலப் பாத்திரத்தைத் தடைசெய்யும் வரி அது.” அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அந்த அறிக்கையைப் போட்ட பத்திரிகையும் அங்கேதான் அச்சாகிறது. பக்கம் அவள் மேசைக்கே வந்தது. அவள்தான் பிழை பார்த்தாள். பிழை ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கைப்பையைக்கூட வைக்காமல் கேட்டாள்.

“விட்டீங்களா?”

“விட்டேன்.”

அவ்வளவுதான். அதன் பிறகு பத்தொன்பது வருடம் அவருக்குச் சோறு போட்டாள், பேச்சு போடவில்லை. பக்கத்து அறையில் படுத்தாள். அவரை நிலையத்தில் அங்கி துவைக்கிற பகுதிக்கு மாற்றினார்கள். வெள்ளை அங்கிகளை எண்ணி அடுக்குகிற வேலை. ரேடியோ நின்றுபோயிற்று. தம்பியின் மனைவியோ இந்த வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. தெருமுனைத் தபால் ஆபீசில்தான் வேலை, தினம் இந்த வழியாகத்தான் போவாள், எதிர்ச்சாரியில் போவாள். ரத்தம் கெட்டுப்போய் அவர் படுத்த இந்த இரண்டு வருடத்திலும் வந்து எட்டிப்பார்க்கவில்லை. அதை இவள் தப்பாகவும் நினைக்கவில்லை. தன்னால் முடியாததை அவளாவது செய்கிறாளே என்றுதான் இருந்தது.

இன்று காலையிலிருந்து தம்பியின் மனைவி எதிர்ச்சாரியில், மருந்துக்கடை நிழலில் நிற்கிறாள். ஜன்னல் வழியாகத் தெரிகிறது. வரவும் இல்லை, போகவும் இல்லை.

போன் அடித்தது. யாரோ ஒரு குரல், தேன் தடவின மாதிரி. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரின் ஆபீசாம்.

“ஆழ்ந்த அனுதாபம்மா. வியாழக்கிழமை நாடாளுமன்றக் குழு அந்தப் பழைய விபத்தை மறுபடி எடுக்குது, தெரிஞ்சிருக்கும். அணுக் குழுமத்துச் சேர்மன் பேரு மந்திரி பதவிக்குப் போயிருக்கு. இந்த நேரத்துல நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா...”

“என்ன வார்த்தை?”

“எதுவா இருந்தாலும் சரிம்மா. சேர்மனுக்கு எதிரா.”

“எதுவா இருந்தாலும் சரியா? என் வீட்டுக்காரர் உடம்பு இன்னும் ஆறக்கூட இல்ல. அதுக்குள்ள தூக்கி ஒருத்தன் தலையில போடக் கல்லு வேணுமா உங்களுக்கு? வைய்யா போனை.”

வைத்தது அவள்தான். வைத்த வேகத்தில் ரிசீவர் தெறித்துத் தொங்கியது. அதை அப்படியே விட்டாள்.

படுக்கையறைக்குத் திரும்பியபோது அளவு ஆரம்பித்திருந்தது. கண்ணாடிக்காரர் கால்மாட்டில் நின்று ஒரு தாளை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அளவுக்காரி கட்டிலோரம் கருவியை ஏந்தியிருந்தாள். அது கிட்டத்தில் போகும்போது பல்லி கத்துகிற மாதிரி விட்டுவிட்டுச் சத்தம் போட்டது.

“வரி நான்கு. வலது உள்ளங்கை. பத்து விநாடி,” என்று வாசித்தார்.

“நான்கு. வலது உள்ளங்கை. பத்து விநாடி,” என்றாள் அளவுக்காரி. சொல்லி முடித்த பிறகுதான் அவள் கை நகர்ந்தது.

“வரி ஐந்து. இடது உள்ளங்கை. பத்து விநாடி.”

“ஐந்து. இடது உள்ளங்கை. பத்து விநாடி.”

அவள் கதவுநிலையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் எரிச்சலாக இருந்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி. ஆறு, ஏழு, எட்டு. பிறகு எரிச்சல் போய் வேறு ஏதோ வந்தது. அச்சகத்தில் அவளும் இப்படித்தான் இருபத்தைந்து வருடமாக வேலை செய்கிறாள். ஒருத்தி மூலப்பிரதியை உரக்க வாசிப்பாள். மற்றவள் அச்சுப்படியில் விரலை ஓட்டுவாள். இந்த மனிதர் அதைப் போன்ற ஒரு வேலையைத்தான் செய்தார் என்று தெரியும். ஆனால் கேட்கிறவன் திருப்பிச் சொல்வான் என்று தெரியாது. சத்தியம் செய்துகொடுத்த மனிதர், சொன்னதில்லை.

பத்தொன்பதாம் வரி முடிந்ததும், “கொஞ்சம் நில்லுங்க,” என்றாள். “நீங்க ஏன் திருப்பிச் சொல்றீங்க?”

“அப்படித்தாம்மா செய்யணும். திருப்பிச் சொல்லாம கை நகரக்கூடாது.”

“அவர் நடுவுல ஒரு வரியை விட்டுட்டா?”

அளவுக்காரி சிரித்துவிட்டாள். சாவு வீட்டில் சிரித்துவிட்டோமே என்று உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள். “விட முடியாதும்மா. எட்டுக்கு அப்புறம் பத்துன்னு சொன்னா, ஒன்பது எங்கன்னு என் வாயே கேட்டுடும். வாய் கேக்கலன்னாலும் கை நின்னுடும்.”

“இது இப்ப வந்த பழக்கமா?”

“நிலையம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இதேதான்.”



“அப்படின்னா,” என்று அவள் நிதானமாக ஆரம்பித்தாள். “இவர் பதினேழை விட்டுட்டுப் பதினெட்டுன்னு வாசிச்சார். என் தம்பி, தங்கக்கை, ‘பதினெட்டு’ன்னு சமத்தாத் திருப்பிச் சொல்லிட்டு ஊத்தினான். அப்படித்தானே?”

அளவுக்காரி கண்ணாடிக்காரரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அங்கியில் துடைத்தால் சுத்தமாகாது என்று அவருக்கும் தெரிந்திருக்கும், துடைத்துக்கொண்டே இருந்தார்.

“உங்களைத்தான் கேக்கறேன்.”

“தாள்ல இருக்கறதைத்தாம்மா வாசிக்க முடியும்,” என்றார் அவர், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே.

“அப்படின்னா?”

“அந்தச் சமயம் தேதி நெருங்கிடுச்சு. ஒல்லிக் குழாயில ஊத்தினா பதினோரு நாள் ஆகும். பெரிய பாத்திரம்னா ஒரே நாள். அன்னைக்குக் காலையில தாளை மாத்தி, புதுசா எண் போட்டுக் குடுத்தாங்கன்னு அந்தக் காலத்து ஆளுங்க சொல்லுவாங்க. நான் பார்த்ததில்ல. எண் சரியா வரிசையா இருந்தா வாய்க்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. ஆனா இவர் பழைய ஆள். வித்தியாசம் தெரிஞ்சு போன் போட்டுக் கேட்டாராம். மேலேர்ந்து, ‘தாள்ல இருக்கறதை வாசி’ன்னு சொன்னாங்களாம்.”

“அப்புறம் ஏன் இவர் விட்டேன்னு ஒத்துக்கிட்டார்?”

“தாள் மேல தப்பு வரக்கூடாதும்மா. தாள்ல பெரிய கையெழுத்து இருக்கும். அப்ப ரெண்டு பேருதான் மிச்சம். வாசிச்சவர், இல்லன்னா செஞ்சவர். செஞ்சவர் ஆஸ்பத்திரியில பேச்சில்லாம கிடந்தார்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “யாரு பேருன்னு இவரைத்தான் கேட்டிருப்பாங்க.”

அவள் கதவுநிலையை விட்டு விலகி வழிவிட்டாள். பிறகு, “ரெண்டு பேரும் வெளிய போங்க,” என்றாள்.

“இன்னும் மூணு வரி பாக்கி இருக்கும்மா.”

“போங்க!”

போனார்கள். கதவைச் சாத்தினாள். கட்டிலருகே போய் நின்றாள். கல்யாணம் ஆன இருபத்துநாலு வருடத்தில் அவரை அவள் ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். பேசாத பத்தொன்பது வருடத்திலும் மனதுக்குள் ‘நீங்க’தான்.

“ஏன்யா,” என்றாள். “என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ?”

வெட்டின சட்டைக்குள் அவர் மரியாதையாகப் படுத்திருந்தார்.

“என் தம்பி பேரைக் காப்பாத்திட்டியாக்கும். பெரிய தியாகி. யார் கேட்டா உன்னை? நான் கேட்டேனா? செத்துப்போனவன் பேரு கெட்டா என்னய்யா, அவன் அக்கா நான் நாலு பேர்கிட்ட சண்டை போட்டுக்கறேன். எனக்கு வாய் இல்லையா? சொன்னா தெருவுல நின்னு கத்துவேன்னுதானே சொல்லல? ஆமா, கத்தியிருப்பேன். கத்தறதுக்குத்தானே பொண்டாட்டி?”

மூச்சு வாங்கியது. படுக்கை விரிப்பைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

“விட்டீங்களான்னு கேட்டேன். ஒரு செகண்டு யோசிச்சியா? தாள்ல இருந்ததை வாசிக்கற மாதிரி, விட்டேன்னு சொன்ன. நான் உன்னைக் கொலைகாரனாப் பார்த்தேன்யா. தினம், மூணு வேளை. தட்டை வெச்சுட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போவேன். அதைப் பார்த்துக்கிட்டு உக்கார்ந்து சாப்பிட்டியே. என்னை அப்படிப் பார்க்க விட்டியே, பாவி.”

அழவில்லை. அழுகை வருகிற இடத்தில் எல்லாம் கோபம் உட்கார்ந்திருந்தது. கழுத்துப் பட்டி ஒருபக்கம் தூக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அதைக்கூடத் திட்டிக்கொண்டேதான் சரிசெய்தாள்.

வாசலில் கார்க் கதவுகள் வரிசையாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

சேர்மன் வந்திருந்தார். அந்த விபத்தின்போது நிலையத்தின் இயக்குநர். இப்போது நாட்டின் அணுக் குழுமத்துக்கே தலைவர். பத்திரிகையில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தார். கூடவே ஒரு காரியதரிசி, கையில் மடித்த கொடியும் ஒரு கோப்பும். படம் எடுக்கிறவர்களைத் தெருவிலேயே நிறுத்தியிருந்தார்கள். சேர்மன் கூடத்தில் நுழைந்ததுமே வெள்ளை அங்கிக்காரர்கள் இருவரும் நாற்காலியை விட்டு எழுந்தார்கள்.

“என் சகோதரனை இழந்த மாதிரி இருக்கும்மா,” என்றார் சேர்மன்.

“சகோதரன் ரெண்டு வருஷமா படுக்கையில இருந்தார். வழி தெரியலையா?”

காரியதரிசி இருமினான். சேர்மன் அதைக் கேட்காத மாதிரி படுக்கையறைக்குள் போய்க் கைகட்டி நின்றார். சரியாக எவ்வளவு நேரம் நிற்கவேண்டுமோ அவ்வளவு நேரம். பிறகு திரும்பினார்.

“ஒரு நிமிஷக் கவனக்குறைவும்மா. மனுஷனுக்கு வரக்கூடியது. ஆனா அதை மறைக்காம ஒத்துக்கிட்டார் பாருங்க, அந்த நேர்மைக்குத்தான் இந்தக் கொடி. அரசு மரியாதையோட அனுப்பி வைக்கப்போறோம்.”

காரியதரிசி கோப்பைத் திறந்து ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினான். “சின்ன சம்பிரதாயம்மா. கீழ ஒரு கையெழுத்து.”

அவள் தாளை வாங்கவில்லை. “வாசிங்க,” என்றாள் சேர்மனைப் பார்த்து.

“நீங்களே படிச்சுக்கலாமேம்மா...”

“நீங்க வாசிங்க. நான் திருப்பிச் சொல்றேன். திருப்பிச் சொன்ன அப்புறம்தான் கை நகரும். உங்க நிலையத்துப் பழக்கம்தானே?”

சேர்மனின் முகத்தில் சிரிப்பு ஒரு கணம் தங்கிப் பிறகு இறங்கியது. தாளைக் காரியதரிசியிடமிருந்து வாங்கிக்கொண்டார். “என் கணவர் நிலையத்தின் மீது கடைசிவரை பற்றுக் கொண்டிருந்தார்.”

“என் கணவர் நிலையத்தின் மீது கடைசிவரை பற்றுக் கொண்டிருந்தார். ம். அடுத்தது.”

“விபத்து நாளன்று செய்முறையின் பதினேழாம் வரியைத் தாம் வாசிக்காமல் விட்டதற்காக அவர் இறுதி நாட்களிலும் வருந்தினார்.”

அவள் வாய் திறக்கவில்லை.

சேர்மன் நிமிர்ந்து பார்த்தார். “அம்மா?”

“மூலத்தைக் காட்டுங்க.”

“எது?”

“நான் பிழை திருத்துறவ. அச்சுல ஒரு வரி இல்லன்னா, வாசிச்சவளையும் திட்டமாட்டோம், விரல் ஓட்டினவளையும் திட்டமாட்டோம். மூலப்பிரதியைக் கொண்டான்னு கேப்போம். அன்னைக்கு இவர் கையில இருந்த தாளைக் காட்டுங்க. அதுல பதினேழாம் வரி இருந்தா, இப்பவே கையெழுத்துப் போடறேன். ரெண்டு கையாலயும் போடறேன்.”

“அதெல்லாம் ரகசியக் காகிதம்மா. இவ்வளவு வருஷத்துக்கு அப்புறம் எங்கன்னு தேடறது?”

“என் தம்பி எங்கன்னு எனக்குத் தெரியுது. தாளுக்கு மட்டும் இடம் தெரியலையா?”

“கோபப்படாதீங்க. இங்க பாருங்க, அந்தப் புதுத் தாளை நான் ஒருத்தனா முடிவு பண்ணல. தேதி எனக்கும் மேலேர்ந்து வந்தது. அன்னைக்கு இருந்த நெருக்கடி உங்களுக்கு...”

அங்கே நின்றார்.

“புதுத் தாளா?” என்றாள் அவள். “நான் புதுசுன்னு சொல்லலையே. தாள்னுதானே சொன்னேன்.”

காரியதரிசி கோப்பை மூடுவதா திறந்தே வைப்பதா என்று தெரியாமல் பாதியில் பிடித்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்காரர் இந்தத் தடவை கண்ணாடியைத் துடைக்கவில்லை. நேராகச் சேர்மனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சேர்மனின் குரல் மாறியது. தேனும் போயிற்று, சகோதரனும் போனான். “சரிம்மா. உங்க இஷ்டம். ஆனா கையெழுத்து இல்லாம உடம்பை இன்னைக்கு அடக்கம் பண்ண முடியாது. எலும்புல என்ன தங்கியிருக்குன்னு ஆராய்ச்சி பண்ண எடுத்துட்டுப் போக எங்களுக்கு அதிகாரம் இருக்கு. திரும்ப எப்ப வரும்னு நான் சொல்ல முடியாது. மாசங்கூட ஆகும். யோசிச்சுக்கங்க.”

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். அந்தக் கட்டிலில் கிடக்கிற உடம்பை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் போட்டு, கையுறை மாட்டிய யாரோ ஒருத்தன் வெட்டுவான். அதை ஒருத்தன் வாசிப்பான். பத்தொன்பது வருடம் தான் செய்தது போதாதென்று இதையும் அவருக்குச் செய்யவேண்டுமா? காரியதரிசி நீட்டிய பேனா அவள் கைக்கு நாலு விரல் தூரத்தில் இருந்தது. ஒரு கோடு கிழித்தால் போதும். அவரே ஒத்துக்கொண்டதுதானே.

“வரி இருபது,” என்றார் கண்ணாடிக்காரர்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் படுக்கையறைக்குள், கால்மாட்டில், தன் பழைய இடத்துக்குப் போயிருந்தார். தாள் இரண்டு கையிலும் இருந்தது.

“வரி இருபது. மார்பு. அறுபது விநாடி.”

அளவுக்காரி உள்ளே போனாள். “இருபது. மார்பு. அறுபது விநாடி.” கருவியை வெட்டின சட்டையின் மேல் பிடித்தாள்.

“அதை அப்புறம் பார்த்துக்கலாம்,” என்றான் காரியதரிசி.

“ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தக்கூடாது சார். தாள்ல இருக்கு,” என்றாள் அளவுக்காரி, கருவியின் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அறுபது விநாடி என்பது எத்தனை பெரிய நேரம் என்று அன்றுதான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது.

“வரி இருபத்தொன்று. எல்லா அளவும் வரம்புக்குள் உள்ளதா?”

“இருபத்தொன்று. எல்லா அளவும் வரம்புக்குள் உள்ளது.”

“ஏய், கொஞ்சம் இருங்க,” என்றார் சேர்மன். “மேல் ஆய்வுக்குப் பரிந்துரைன்னு எழுதுங்க.”

கண்ணாடிக்காரருக்கு வியர்த்திருந்தது. தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். “அப்படி ஒரு வரி இதுல இல்ல சார்,” என்றார். “வரி இருபத்திரண்டு. வரம்புக்குள் இருந்தால், உடலைக் குடும்பத்திடம் ஒப்படை.”

“இருபத்திரண்டு. உடலைக் குடும்பத்திடம் ஒப்படை.” அளவுக்காரி கருவியைக் கீழே வைத்தாள். தாளை வாங்கிக் கட்டில் விளிம்பில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். அவரும் போட்டார். மஞ்சள் பிரதியைக் கிழித்து, நேராக அவள் கையில் கொடுத்தாள். “உங்க வீட்டுக்காரரும்மா.”

சேர்மன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். “உங்க ரெண்டு பேர் பேரு?”

“கையெழுத்துக்குக் கீழ இருக்கு சார்,” என்றார் கண்ணாடிக்காரர்.

அவர்கள் போனார்கள். கொடியை எடுத்துப் போக மறந்து காரியதரிசி பாதித் தெருவிலிருந்து திரும்பி ஓடிவந்தான். அவள் அதை ஒற்றை விரலால் அவன் பக்கம் தள்ளிவிட்டாள். “உங்க சேர்மன் சொன்னதை நான் அப்படியே வியாழக்கிழமை சொல்லுவேன்னு சொல்லு. கால்புள்ளி, அரைப்புள்ளி விடாம. அந்தப் போன்காரனுக்காக இல்ல. எனக்காக.”

கார்கள் நகர்ந்த பிறகு தெரு காலியாயிற்று. மருந்துக்கடை நிழலில் தம்பியின் மனைவி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். தபால் ஆபீஸ் சீருடையோடு, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு. இவள் தெருவைக் கடந்து போய் அவள் எதிரில் நின்றாள். பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு கிட்டத்தில் இதுதான் முதல் தடவை. தம்பி மனைவிக்கும் தலை நரைத்திருந்தது.

“உள்ள வா.”

“எதுக்கு அண்ணி? போறாரான்னு பார்க்கத்தான் நின்னேன்.”

“அவர் விடல.”

“என்னது?”

“வரியை. அவர் விடல. உன் புருஷன் மேலயும் ஒரு தப்பும் இல்ல. தாள்லயே அந்த வரி இல்ல. எடுத்துட்டாங்க.”

மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனார்.

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“இத்தனை வருஷமும்?”

“ம்.”

“பாவி,” என்றாள் தம்பி மனைவி. யாரைச் சொன்னாள் என்று இவள் கேட்கவில்லை.

இருவரும் வீட்டுக்குள் வந்தபோது, நிலையத்திலிருந்து வந்த சவப்பெட்டியில் அவரை வைத்து மூடியிருந்தார்கள். உள்பக்கம் ஈயத்தகடு பதித்த பெட்டி, நிலையத்தின் வழக்கம். நான்கு பிடி இருந்தது. கால்மாட்டில் அளவுக்காரி ஒரு பக்கம், கண்ணாடிக்காரர் ஒரு பக்கம், தலைமாட்டில் ஒரு பிடியில் அவள். தூக்க வரவேண்டிய நிலையத்து ஆட்கள் சேர்மனின் கார்களோடு போய்விட்டார்கள். நான்காவது பிடி ஆளில்லாமல் தொங்கியது.

கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, தம்பி மனைவி அந்தப் பிடியருகே வந்தாள்.

“கையுறை போட்டுக்கங்கம்மா,” என்று அளவுக்காரி ஒரு ஜோடியை நீட்டினாள். “விதி.”

“இருக்கட்டும்,” என்றாள் தம்பி மனைவி. வெறுங்கையை ஒருமுறை புடவையில் துடைத்துக்கொண்டு பிடியைப் பற்றினாள்.

தூக்கினார்கள். எதிர்பார்த்ததைவிடக் கனம். தலைமாட்டில் இரண்டு பெண்களும் பின்னோக்கி நடந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பெட்டியைப் பார்த்துக்கொண்டு. கூடத்தைத் தாண்டி வாசல் வந்தது. வெயில் முதுகில் பட்டது.

“பார்த்து,” என்றாள் அவள். “படி இருக்கு.”

“தெரியும் அண்ணி.”

தம்பி மனைவி குனிந்து பார்க்கவில்லை. அவள் கால் பின்னால் துழாவி, அதுவாகவே படியில் இறங்கியது.